எடுப்புக்கு இருபது பேர்

கொரோனாக் காலத்தில் சாதாரண மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் புழங்குகின்றன: அறியாமையால் பயந்து ஒதுங்கினார்கள் என்பது ஒன்று, சொன்னதைக் கேட்டு அடங்கியிருந்தார்கள் என்பது மற்றொன்று. மெய்கண்டாரின் ஊராகச் சைவ உலகம் போற்றுவதும், விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் இடையே வெள்ளாற்றங்கரையை ஒட்டியிருப்பதுமான பெண்ணாடத்தையும், அதைச் சூழ்ந்த கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியையும் வைத்து 2020 முதல் 2022 வரையிலான நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இவ்விரண்டு விடைகளும் போதவில்லை என்பது தெரியவரும். மக்கள் கிருமியைக் கண்டதில்லை. கண்டதெல்லாம் தடுப்புக் கம்பு, தகரம், வெள்ளை உடை, பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல், கைப்பேசியில் வந்த அனுமதிச் சீட்டு ஆகியவற்றையே. அவர்களுடைய அச்சமும் இணக்கமும் எதிர்ப்பும் பெரும்பாலும் இவற்றுக்கான எதிர்வினைகளே.

இப்பகுதிக்கு நோய் வந்த வழி கோயம்பேடு. மானாவாரி நிலமே மிகுந்த இவ்வட்டாரத்தில் வேலையில்லா மாதங்களில் சென்னைக்குச் சென்று மூட்டை தூக்குவதும் காய்கறி ஏற்றி இறக்குவதும் பல குடும்பங்களுக்கு நெடுங்காலப் பழக்கம். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னதாக அறிவிக்கப்பட்டதும், 25ஆம் தேதி கோயம்பேடு சந்தையில் பெருங்கூட்டம் திரண்டது. அங்கே பரவிய தொற்று, தொழிலாளர்கள் காய்கறி லாரிகளில் ஊர் திரும்பியபோது அவர்களுடனேயே மாவட்டங்களுக்குப் பயணப்பட்டது. மே 4ஆம் தேதி ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று தமிழ்நாடு முழுவதும் பதிவானது 527. மறுநாள் சந்தையே மூடப்பட்டது. ஆனால் 'கோயம்பேட்டுக்காரர்' என்ற பெயர் அதற்குள் ஊர்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பல மாதம் வெளியூரில் உழைத்துப் பணம் அனுப்பியவர் திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டதை மருத்துவ ஏற்பாடாகப் பார்க்காமல், ஊரை விட்டுத் தள்ளி வைப்பதாகவே பலர் உணர்ந்தனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்ல அந்த நெருக்கடியில் எவருக்கும் பொழுது இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஏப்ரல் 19 அன்று, சென்னை நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவரது உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் தடுத்து ஆம்புலன்ஸைத் தாக்கியதும், நள்ளிரவில் சக மருத்துவர் பிரதீப் குமாரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடியதும் நாடெங்கும் பேசப்பட்டன. விருத்தாசலத்தில் 2006இல் வென்று அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த விஜயகாந்த், தம் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை இத்தகைய உடல்களைப் புதைக்கத் தருவதாக மறுநாளே அறிவித்தார். ஏப்ரல் 26 அன்று, இவ்வாறு அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அச்சத்தைச் சட்டத்தால் தண்டிக்கலாம். அகற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. கொரோனா முதன்மையாக மூச்சு, இருமல், பேச்சு வழியாகத் தெறிக்கும் நீர்த்துளிகளாலும் நுண்துகள்களாலும் பரவுவது. மூச்சு நின்ற உடல் இருமுவதில்லை. 2020 மார்ச் 15 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், உறைப்பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினர் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கலாம் என்றும், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளுக்குத் தடையில்லை என்றும், எரித்தபின் சாம்பலால் ஆபத்தில்லை என்றும் கூறியது. இந்த மூன்று வரிகளும் சுடுகாட்டு வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டியவை. மக்களிடம் வந்து சேர்ந்ததோ முழு உடல் கவச உடை அணிந்தோர் தூரத்தில் நின்று குழிக்குள் உடலை இறக்கும் தொலைக்காட்சிக் காட்சி. அதைப் பார்த்தவர் உடலே நஞ்சு என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி, கூட்டத்தைக் குறைக்கும் கணக்காகவே காகிதத்தில் எழுதப்பட்டது. இவ்வட்டாரச் சாவு வீட்டின் அமைப்பை அறிந்தவர்க்கு அது வேறு பொருள் தரும். பறை ஒலித்துச் சாவு அறிவிக்கப்பட்டதும் வருவோர் வேடிக்கை பார்க்க வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டுவர வேண்டும். பங்காளிகள் பாடை கட்ட வேண்டும். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். உறவுமுறைப் பெண்கள் ஒப்பாரி வைத்து வாய்க்கரிசி போட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள்கூடத் துக்கத்துக்கு மட்டும் வாசல் ஏறுவதும், நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொள்வதும் இங்கே வழக்கம். இருபது பேர் என்றதும் இவற்றில் எந்த உறவை விடுவது என்று தேர்வு செய்ய வேண்டிய பொறுப்பு இழவு வீட்டின் மேலேயே விழுந்தது. எடுப்பு முடிந்தபின் வீடியோவில் பார்த்தவர்கள், கருமாதிக்கும் வர முடியாதவர்கள் என்று பலருக்குத் துக்கம் விசாரிக்கும் கடமை நிறைவேறாமலே நின்றுவிட்டது. நெஞ்சுவலியாலோ முதுமையாலோ இறந்தவர் வீட்டிலும் இதே நிலைதான். நோயால் இறக்காதவரும் நோய்க்காலத்தில் இறந்ததால் தனியாகவே போனார்.

இறந்தவர் உடலின் மேல் அரசின் ஆணை எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு இலங்கை ஒரு கொடிய எடுத்துக்காட்டு. அங்கே 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசிதழ் ஆணை வந்தது. புதைப்பதையே சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் உடல்களும், பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைக் காட்டினர். 2021 பிப்ரவரி இறுதியில் ஆணை விலக்கப்பட்டு, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மட்டும் அடக்கம் செய்ய இடம் தரப்பட்டது. புதைத்தால் நோய் பரவும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது.

பயணத் தடைக்கு வருவோம். பெண்ணாடத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்தால் சிறிது தூரத்தில் அரியலூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. கொண்டான் கொடுத்தான் உறவு, மாட்டுச் சந்தை, மருத்துவம் எல்லாமே இரு கரைக்கும் பொது. 2020 ஜூன் முதல் நாள் தமிழ்நாடு எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை, மண்டலம் கடந்தால் தேவை என்று விதிக்கப்பட்டபோது, கடலூர் ஒரு மண்டலத்திலும் அரியலூர் வேறொரு மண்டலத்திலும் அமைந்தன. அதன்படி பெண்ணாடத்துக்காரர் திருவண்ணாமலை வரை பாஸ் இல்லாமல் போகலாம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போக முடியாது. சாவு, திருமணம், அவசர மருத்துவம் ஆகிய காரணங்களுக்கே பாஸ் கிடைத்தது; அதற்கும் இணையத்தில் விண்ணப்பித்துச் சான்று இணைக்க வேண்டும். பிணம் வீட்டில் காத்திருக்கும் நேரத்தில் இறப்புக்கான சான்றைத் தேடுவது எவ்வளவு எளிது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு பாஸ் எடுத்துத் தரும் தரகர்கள் முளைத்தார்கள் என்ற புகார் பெருகியபின், ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டையுடன் விண்ணப்பித்தோர் அனைவருக்கும் பாஸ் என்றானது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸ் முறையே ஒழிந்தது. அதே நாளில்தான் கோயில்களும் திறந்தன. குறைகளைப் பிராதாக எழுதிக் கட்டும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலும் அதுவரை பக்தர்களுக்கு மூடியே இருந்தது.

தொற்று உறுதியான வீட்டில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரும், தெருவை மறித்து அடிக்கப்பட்ட தகரமும் மக்கள் மனத்தில் ஏற்படுத்திய வடு தனியே ஆராயத்தக்கது. தொற்றுள்ள வீட்டை அடையாளம் காட்டுவது இம்மண்ணுக்குப் புதிதல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நூற்றாண்டுகளாக நிலவும் வழக்கம். அதைக் கண்டவர் உள்ளே போகமாட்டார், அவ்வீட்டாரும் வெளி விசேஷங்களுக்குச் செல்லமாட்டார். நடைமுறையில் அதுவும் தனிமைப்படுத்தலே. ஆனால் வேப்பிலை, உள்ளே அம்மன் வந்திருக்கிறாள் என்ற மரியாதையைச் சொன்னது. தகரமோ உள்ளே இருப்பவர் குற்றம் செய்தவர் என்பதுபோல் நின்றது. வேப்பிலையை வீட்டாரே கட்டினர். தகரத்தை வெளியாட்கள் வந்து அடித்தனர். காய்ச்சலை மறைத்துக் கபசுரக் குடிநீரோடு வீட்டிலேயே கிடந்து, மூச்சுத் திணறிய பிறகே மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர். இதில் அறியாமைக்கு எவ்வளவு பங்கோ, தகரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

விந்தை என்னவென்றால், மறைத்த 'கொரோனா' என்ற அதே சொல்லைப் பின்னர் குடும்பங்கள் தேடி அலைய நேர்ந்தது. இரண்டாம் அலையில், 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. மே 30 அன்று 493 மரணங்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க முடிவானது. தொற்று உறுதியான 30 நாள்களுக்குள், வீட்டில் இறந்திருந்தாலும், அது கொரோனா மரணமாகக் கொள்ளப்படும் என்றும் விதி வந்தது. அதற்குப் பரிசோதனைச் சான்று வேண்டும். மூக்கில் குச்சி விட்டுப் பார்க்காமலே இறந்தவரிடம் அது இல்லை. தமிழ்நாட்டின் அதிகாரப்பூர்வ மரணக் கணக்கு 38,000ஐச் சற்றே தாண்டி நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு, 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த மரணங்களை ஏறத்தாழ 47 லட்சம் என்றது; அரசின் பதிவு அதில் பத்தில் ஒரு பங்கே. இந்திய அரசு அம்மதிப்பீட்டின் கணக்கு முறையை ஏற்கவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் மக்கள் மனம் மாறிய வேகம் கவனிக்கத்தக்கது. 2021 ஜனவரி 16 அன்று ஊசி தொடங்கியபோது முன்களப் பணியாளர்களிலேயே தயங்கியோர் உண்டு. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் பலர் அறிய ஊசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்ததும் தயக்கம் அச்சமாகியது. அவரது மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று மத்தியக் குழு அறிவிக்கப் பல மாதங்கள் ஆயின. இந்தத் தயக்கத்தைப் பாமர மக்களின் குணமென்று எழுதுவோர், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955இல் எதிர்த்து எழுதியவர் முன்னாள் முதலமைச்சர் ராஜாஜி என்பதை மறந்துவிடுகின்றனர். மே மாதச் சாவுகளைக் கண்ணால் கண்டபின் அதே மக்கள் விடியற்காலையில் டோக்கனுக்கு வரிசையில் நின்றனர். அப்போது ஊசி இல்லை. ஜூனில் மாநிலக் கையிருப்பு பலமுறை தீர்ந்து முகாம்கள் மூடப்பட்டன. 18 வயது முதல் 44 வயது வரையிலானோர் தொடக்கத்தில் கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்ததால், கைப்பேசித் திறன் உள்ளவர் முந்தினர், மற்றவர் பின்தங்கினர். செப்டம்பர் 12 அன்று மாநிலமெங்கும் 40,000 இடங்களில் மாபெரும் முகாம் நடத்தப்பட்டு, 20 லட்சம் என்ற இலக்கைத் தாண்டி 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் ஊசி போடப்பட்டது. ஊசி ஊருக்குள் வந்தது, தெரிந்த செவிலியர் போட்டார், பதிவை அவரே செய்தார். தயக்கம் என்று கருதப்பட்டதில் பாதி, தொலைவும் அலைச்சலுமே என்பதை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டது.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் நிறைந்த மாவட்டம் கடலூர் என்பதால், எந்த ஊசி என்பதும் இங்கே வீட்டுப் பேச்சாயிற்று. கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதி 2021 நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை அதைப் போட்டுக்கொண்டவரைப் பல நாடுகள் ஊசி போட்டவராக ஏற்கவில்லை. விடுப்பில் வந்து சிக்கிக்கொண்டவர்கள் கோவிஷீல்டு கிடைக்கும் முகாமைத் தேடிச் சென்றதற்கு நோயெதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வு காரணமல்ல, விசாவே காரணம். ஊசிக்கும் பயணத்துக்கும் இப்படி முடிச்சு விழுந்ததும், தயங்கிய குடும்பங்களும் சான்றிதழுக்காக முன்வந்தன.

தடைகளில் பெரும்பாலானவை 2022 முடிவதற்குள் நீங்கின. ஒன்று மட்டும் எளிதில் நீங்கவில்லை. விழுப்புரம்–திருச்சி தடத்தில் உள்ள பெண்ணாடம் நிலையத்திலிருந்து விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் கூலி வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோர் நம்பியிருந்தவை பாசஞ்சர் ரயில்கள். 2020 மார்ச்சில் நின்ற அவ்வண்டிகள், நாடெங்கும் நடந்தது போலவே, மீண்டும் ஓடத் தொடங்கியபோது விரைவு வண்டி என்ற பெயரோடு வந்தன. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. நிறுத்தங்களும் வேகமும் ஏறத்தாழ முன்போலவே இருந்தும் மூன்று மடங்கு கட்டணம் நீடித்தது. அது பழையபடி 10 ரூபாய்க்குத் திரும்பியது 2024 பிப்ரவரி இறுதியில்தான்.