கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்த பெட்டி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வருவது தக்காளிப் பெட்டியானாலும் முருங்கைக் கட்டானாலும் அதில் ஒரு குறி இருக்கும். குறி அழிந்துவிட்டால் சரக்கு யாருடையது என்று கமிஷன் கடைக்காரரும் சொல்ல முடியாது, கேரளாவுக்கு ஏற்றுகிற லாரிக்காரரும் சொல்ல முடியாது. பாட்டுப் பதிவு செய்த பழைய மெஷின்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் குறிதான்.

2017 மார்ச்சில் நியூயார்க்கில், பான்ஹாம்ஸ் ஏலத்தில், ஒலிகளைக் கலக்கும் ஒரு பழைய மிக்ஸிங் கன்சோல் 18 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்காக இஎம்ஐ கம்பெனி செய்தது. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' இசைத்தட்டு அதில்தான் பதிவானது. வெறும் பித்தானுக்கும் கம்பிக்கும் யார் 12 கோடி கொடுப்பார்கள்? எந்த அறையில் இருந்தது, பிறகு யார் கைக்குப் போனது என்கிற விவரம் அழியாமல் கூடவே வந்தது. விலை அதற்கு.

இந்தியாவிலும் அப்படியொரு பெட்டி ஓடியிருக்கிறது. 1968 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்தார். வயது 24. 'வொண்டர்வால்' என்ற படத்துக்கு இசையமைக்கும் வேலை. பம்பாய் எச்எம்வி ஸ்டூடியோவில் அப்போது இருந்தது மோனோ டேப் ரெக்கார்டர். மோனோ என்றால் எல்லாத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடுவது போல. கலந்தது கலந்ததுதான், பிறகு பிரிக்க முடியாது. இரண்டு டிராக் மெஷினில் இரண்டு வாய்க்கால்.

அந்த ஸ்டூடியோவை நடத்திய கிராமபோன் கம்பெனியின் இந்தியத் தலைமையில் இருந்தவர் பாஸ்கர் மேனன், திருவனந்தபுரத்துக்காரர். கல்கத்தாவிலிருந்து ஒரு இரண்டு டிராக் மெஷினை ரயிலில் ஏற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, அதுவும் ஆள் தூக்கிப் போகிற கனமில்லை அந்தக் காலத்து மெஷின். பின்னாளில் அமெரிக்காவில் கேபிடல் ரெக்கார்ட்ஸையே நடத்தியவர் மேனன். அவர் செய்த பெரிய காரியங்களைவிட இந்த ரயில் பயணம்தான் எனக்குப் பிடித்தது.

ஸ்டூடியோ இருந்தது ஆபீஸ்களுக்கு மேல்மாடியில். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்க ஏற்பாடு கிடையாது. மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டு ஆட்கள் படியிறங்கும் சத்தத்தில் பதிவை நிறுத்திவிடுவார்களாம். காது கொடுத்துக் கேட்டால் டாக்ஸி போவதுகூடக் கேட்கும் என்று ஹாரிசனே சொல்லியிருக்கிறார். சந்தூரில் சிவகுமார் சர்மா, சரோடில் ஆஷிஷ் கான் என்று வாசித்தவர்கள் எல்லாம் இந்தியக் கலைஞர்கள். 'தி இன்னர் லைட்' பாட்டின் வாத்திய இசையும் அந்த நாட்களில் அங்கேதான் பதிவானது. குரலை மறுமாதம் லண்டனில் சேர்த்தார்கள். பீட்டில்ஸின் சிங்கிள் இசைத்தட்டு ஒன்றில் ஹாரிசன் எழுதிய பாட்டு இடம்பெற்றது அதுதான் முதல் தடவை.

அபே ரோட்டில் ஓடிய பழைய மெஷின் ஒன்றைப் பின்னாளில் ஹாரிசன் தன் வீட்டுச் சமையலறையில் வைத்திருந்தாராம். நம் வீட்டில் ஆட்டுக்கல் கிடக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் எந்தச் சவுண்ட் சர்வீஸ் கடையின் பின்கட்டையும் எட்டிப் பாருங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஸ்பூல் ரெக்கார்டர், நசுங்கிய மைக். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம் சாலையில் பாட்டுப் போட்டதும், திருவிழாவில் நாதஸ்வரம், கரகாட்டம், நாடகம் என்று விடிய விடிய ஒலித்ததும் இவைதான். பெரிய வித்வான்களே இந்த மைக் முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடும். குறி இல்லாததால் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போகின்றன. லண்டன் மெஷினுக்கும் இவற்றுக்கும் உள்ள தூரத்தில் பாதி, ஒரு துண்டுக் காகிதம்தான்.

சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்குப் போடுவதற்கு முன்னால், எந்த வருஷம் வாங்கியது, எந்தக் கோயிலில் யார் பாடினார், யார் வாசித்தார் என்று அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.