இறந்தவர் யார் என்னும் கேள்வி

1954 ஏப்ரல் 13 அன்று ஏவி.எம். தயாரிப்பாக வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைக் குரோசாவாவின் ‘ரஷோமான்’ படத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது என்றாலும், கதையமைப்பில் அதற்கு இன்னும் நெருக்கமானது ஆந்தனி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி வுமன் இன் குவெஸ்டின்’ (1950) என்னும் பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படமே ஆகும். ‘ரஷோமான்’ நடந்தது என்ன என்பதையே ஐயத்துக்குரியதாக்கி, அதை ஐயமாகவே விட்டுவிடுகிறது. மற்ற இரண்டும் கொலையாளியைக் கண்டுபிடித்து முடிகின்றன என்றாலும், கொலையுண்டவர் எப்படிப்பட்டவர் என்பதையே வழியெல்லாம் விசாரிக்கின்றன.

ஆஸ்க்வித்தின் படத்தில் குறிசொல்லும் பெண் ஒருத்தி கொல்லப்பட, அவளை அறிந்த ஐவரைக் காவல்துறை விசாரிக்கிறது. அண்டை வீட்டுக்காரியின் வாக்குமூலத்தில் கண்ணியமான சீமாட்டியாகத் தோன்றும் அவளே, தங்கையின் வாக்குமூலத்தில் குடித்துச் சீரழிந்தவளாகத் தெரிகிறாள். பேச்சும் உடையும் மட்டுமன்றி, அவள் வாழ்ந்த அறையின் ஒழுங்குகூடச் சொல்பவருக்கேற்ப மாறுகிறது. ஒரே பாத்திரத்தை ஐந்து பெண்களாக நடித்துக் காட்டிய ஜீன் கென்ட்டின் திறமைக்காகவே இப்படத்தை இருமுறை பார்க்கலாம்.

எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இந்த அமைப்பை 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சென்னைக்குக் கொண்டுவந்தது. ரேடியோ பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுவதிலேயே படம் தொடங்குவதால், சிவாஜி கணேசன் என்னும் கதாநாயகர் முதல் காட்சியிலேயே பிணமாகி, பிறகு பிறர் நினைவுகளில் மட்டுமே உயிர் பெறுகிறார். தம்பி சொல்லும் ராஜனும் மனைவி உஷா சொல்லும் ராஜனும் ஒருவரல்லர். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். பாராதவர்களின் பொருட்டுக் கொலையாளியின் பெயரை இங்கே விட்டுவிடுவதே முறை. ஆயினும், குடும்பச் சண்டையாகத் தொடங்கும் வழக்கு நாட்டின் போர்க்கால நெருக்கடியோடு பிணைவதே தமிழ்ப் படத்தின் சொந்தச் சாதனை எனலாம்.

குறைந்த ஒளியும் ஆழ்ந்த நிழலும் கொண்டு குற்றக் கதை சொல்லும் ‘ஃபிலிம் நுவார்’ பாணியை எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவு இங்கே கையாள்கிறது; முகத்தின் ஒரு பாதியை இருள் மூடும்போது, பேசுபவர் எதையோ மறைக்கிறார் என்னும் ஐயம் பார்ப்பவருக்குத் தானாகவே எழுகிறது. பாட்டில்லாத படம் ஓடாது என்று நம்பப்பட்ட காலத்தில், விசாரணையின் இறுக்கம் தளரக்கூடாது என்பதற்காக, வீணைக் கலைஞரான பாலசந்தரே ஒரு பாட்டையும் அனுமதிக்கவில்லை.