பெயர் தெரியாத நோயும் நாட்டின் ஆயத்தமும்

நோய்க்கிருமிகளை வேண்டுமென்றே பரப்பி மக்களைக் கொல்லவோ அச்சுறுத்தவோ முனைவதை உயிரியல் பயங்கரவாதம் என்கிறோம். வெடிகுண்டு வெடித்தால் இடமும் நேரமும் உடனே தெரியும். கிருமியோ பல நாள் கழித்து, வெவ்வேறு மருந்தகங்களில், சாதாரணக் காய்ச்சலாகவே தலைகாட்டும். ஆகவே, இதற்கான ஆயத்தம் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் மேசையில் தொடங்குகிறது.

இப்பாடத்தை நம் நாட்டுக்குக் கற்பித்தது, எவரும் பரப்பாமல் இயற்கையாக வந்த கொள்ளைநோய் ஒன்று. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய மூளைக்காய்ச்சல், பின்னர் நெகிரி செம்பிலானுக்கும் பரவிற்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர், கொசுமருந்து அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். ஆயினும், சில செய்திகள் பொருந்தவில்லை. அந்நோய் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கு நோயுற்றோரோ பண்ணைகளில் உழைத்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களையும் நோய் விடவில்லை. பன்றிகளும் இருமி நோயுற்றன.

இந்தப் பொருந்தாமையே உண்மைக்கு வழிகாட்டிற்று. பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையில், லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. நோய் இன்னதென்று தெரிந்தபின் வழியும் தெரிந்தது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட, நோய் அடங்கிற்று. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டிருந்தனர்.

ஆயுதமாக்கப்படக்கூடிய கிருமிகளின் பட்டியலில் நிப்பாவையும் அமெரிக்கா பின்னர்ச் சேர்த்தது. அந்நாட்டில் 2001ஆம் ஆண்டு கடிதங்கள்வழி ஆந்த்ராக்ஸ் பரப்பப்பட்டு 22 பேர் நோயுற்றனர்; ஐவர் மாண்டனர். அங்கும், புளோரிடா மருத்துவர் ஒருவர் நோயாளியின் முதுகுத்தண்டு நீரைக் கண்டு ஐயுற்றதால்தான் செய்தி வெளிப்பட்டது.

இயற்கை நோய்க்கும் ஏவிவிட்ட நோய்க்கும் முதற்காவல் ஒன்றே என்பது இதனால் விளங்கும். குறிப்பிட்ட தொற்றுநோய்களை மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. சுங்கை பூலோவில் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் உள்ளது. நெருக்கடிகளை எதிர்கொள்ளச் சுகாதார அமைச்சில் தனி மையமும் இயங்குகிறது.

எனினும், கிள்ளானில் ஒரு மருந்தகத்துக்கு வரும் விந்தைக் காய்ச்சலை அங்குள்ளவர் ஐயுற்று அறிவித்தால்தான் இவையெல்லாம் செயற்படும். ஒரே வகுப்பில் பலர் ஒரே நோயால் வரவில்லையெனில், அதைக் குறித்துத் தெரிவிக்கும் ஆசிரியரும் அக்காவலில் பங்கு கொள்கிறார்.