கடைசியாக நிற்க வேண்டிய இன்ஜின்

மலை ஊரான ரிங்லெட்டில் இருக்கும் என் கடைக்கு வந்த டீச்சர், பையைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, மூடித்தான் வெச்சேன். ராத்திரி பூரா பைக்குள்ளயேதான் இருந்துச்சு. காலையில தொட்டா இட்லிச் சட்டி மாதிரி சுடுது."

பேட்டரியில் ஒரு சொட்டு இல்லை. சேமிக்காமல் திறந்து வைத்திருந்த மாணவர்களின் மதிப்பெண் பட்டியலும் போயிருந்தது. வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத மடிக்கணினி. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதால் பழியில் பாதி எனக்கு.

மூடியைச் சாத்தினால் கணினி தூங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அந்தத் தூக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சஸ்பெண்ட்: எல்லாம் நின்றுபோகும், நினைவகமான ரேமுக்கு மட்டும் துளித்துளியாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திறந்தால் ஓரிரு நொடியில் விட்ட இடத்தில் நிற்கலாம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. இன்னொன்று ஹைபர்னேட்: ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். எழுந்திருக்க நேரம் பிடிக்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் எழுதியது எழுதியபடி இருக்கும்.

இதில் கடினமான வேலை எது என்று எனக்குப் புரிய வைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, அப்பா. தேயிலை ஆலையில் பெல்ட் பார்க்கிற வேலை அவருக்கு. அந்தக் காலத்து ஆலையில் ஒரே ஒரு இன்ஜின். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு உருட்டு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். நிறுத்தும்போது முதலில் இலை போடுவதை நிறுத்துவார்கள். பிறகு மெஷின் மெஷினாகப் பெல்ட்டைத் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் கடைசி. காலையில் நேர் எதிர்: இன்ஜின் ஓடி நிதானத்துக்கு வந்த பிறகுதான் மெஷின்கள். "மொதல்ல இன்ஜினை நிறுத்துனா இலை மெஷினுக்குள்ளயே மாட்டிக்கும்டா. மறுநாள் மொத்தச் சுமையையும் இன்ஜின் ஒரே மூச்சுல இழுக்கணும்" என்பார்.

கணினிக்குள் கெர்னல் என்ற மேஸ்திரி செய்வதும் இதேதான். உங்கள் மவுஸ் யுஎஸ்பி கட்டுப்படுத்தியில் தொங்குகிறது. அந்தக் கட்டுப்படுத்தி அதற்கு மேலே உள்ள ஒரு பாதையில் தொங்குகிறது. கட்டுப்படுத்தியை முதலில் தூங்க வைத்துவிட்டால் "நீயும் படு" என்று மவுஸிடம் சொல்ல வழியே இல்லை. ஆகவே நுனியில் இருப்பது முதலில், அடியில் இருப்பது கடைசியில். விழிக்கும்போது அடியிலிருந்து நுனிக்கு. அதற்கும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உறைய வைக்க வேண்டும். அதற்குக் கெர்னல் கொடுக்கும் கெடு வழக்கமாக 20 நொடி. ஒரே ஒரு நிரல் அடம்பிடித்தாலும் மொத்தத் தூக்கமும் ரத்து.

மேல் கீழ் என்ற வரிசை மட்டும் போதாது என்பதும் ஆலையில் தெரிந்த சங்கதி. இலை காயவைக்கும் டிரையரில் அடுப்பு ஒரு பக்கம், காற்றாடி ஒரு பக்கம். அடுப்பு ஆறும்வரை காற்றாடி ஓடியாக வேண்டும். கணினியிலும் வேறு வேறு கிளையில் இருக்கும் இரண்டு சாதனங்கள் இப்படி ஒன்றையொன்று நம்பி இருப்பது உண்டு. அந்த உறவைக் கெர்னலிடம் தனியாக எழுதிக் கொடுக்கும் வசதி லினக்ஸில் 2017-இல்தான் வந்தது. கெர்னலின் இந்தத் தூக்கப் பகுதியைப் பல வருஷமாகக் கட்டிக் காப்பவர் போலந்துக்காரர் ரஃபேல் விசோட்ஸ்கி.

ஹைபர்னேட் இதைவிட வேடிக்கை. ரேமைப் படம் எடுக்க வேண்டுமானால் யாரும் அசையக்கூடாது; ஆகவே எல்லாச் சாதனமும் நிற்கும். படம் எடுத்தாயிற்று, அதை வட்டில் எழுத வேண்டாமா? வட்டுதான் தூங்குகிறதே! மறுபடி எல்லாவற்றையும் எழுப்பி, படத்தை எழுதி, மறுபடி படுக்க வைத்து, பிறகுதான் மின்சாரத்தை வெட்ட வேண்டும். எழும்போது இன்னும் கூத்து. முதலில் ஒரு புதுக் கெர்னல் எழுந்து, படத்தை ரேமில் ஏற்றி, தான் எழுப்பிய சாதனங்களை அமைதிப்படுத்தி, பழைய கெர்னலிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறது. பழைய கெர்னலுக்கு நடுவில் நடந்தது எதுவுமே தெரியாது. தான் விட்டுப்போன நிலையில் இல்லாத சாதனங்களை அது தன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனை தடவை படுத்து எழுவதில் ஒரு சாதனம் ஒரே ஒரு தடவை முரண்டு பிடித்தால் போதும், திரை கறுப்பு.

கறுப்புத் திரையில் என்ன தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரையே எழவில்லை, வட்டு எழவில்லை, எங்கே எழுதி வைப்பது? 2006-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி செய்தார். மின்சாரம் போனாலும் ஓடுகிற ஒரே பொருள், குட்டி பேட்டரியில் ஓடும் கடிகாரம். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும்போது அதன் அடையாளத்தை ஒரு எண்ணாக்கி, தேதி நேரம் போல அந்தக் கடிகாரத்தில் எழுதிவிடுவது. உறைந்து நின்றால், அணைத்து உடனே மறுபடி ஏற்ற வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் ஏறக்குறைய 3 நிமிஷத்துக்குள் ஏற்றாவிட்டால் எண் மாறிவிடும். காய்கறித் தோட்டக்காரர் ஒருவரின் கணினியில் நான் இதைச் செய்தேன். வைஃபை சில்லு (சிப்) என்று துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது. தேதி மட்டும் எங்கேயோ போய் நின்றது. அதைப் பார்த்த அந்தத் தோட்டக்காரத் தவ்கே, நான் கணினியை இன்னும் கெடுத்துவிட்டதாகவே நம்பினார்.

டீச்சரின் கணினிக்கு வருவோம். அதில் பழைய சஸ்பெண்ட் முறையே கிடையாது. எஸ்3 என்று அதற்குப் பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வகுத்த ஏசிபிஐ விதிகளில் உள்ளது. அதில் கெர்னல் தன் வேலையை முடித்ததும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள் ரேமைத் தவிர மற்றவற்றின் மின்சாரத்தையே வெட்டிவிடும். 2020-ஐ ஒட்டி வந்த பல மடிக்கணினிகளில் அதை எடுத்துவிட்டார்கள். கைப்பேசி மாதிரி, தூங்கும்போதும் மின்னஞ்சல் வரட்டும் என்று வேறொரு முறை. இங்கே வெட்டுவதற்கு ஆள் இல்லை. ஒவ்வொரு சாதனமும் தானாகவே அடங்க வேண்டும். எல்லாம் அடங்கினால்தான் மொத்தச் சில்லும் ஆழத்துக்குப் போகும்.

அப்பாவின் ஆலையிலும் பிற்காலத்தில் தண்டைக் கழற்றிவிட்டு மெஷினுக்கு ஒரு மோட்டார் வைத்தார்கள். வசதிதான். ஆனால் ஒருவன் தன் சுவிட்சை மறந்தால் அந்த ஒன்று விடியும்வரை ஓடும். இன்ஜின் காலத்தில் அப்படி நடக்கவே நடக்காது.

சில்லு எவ்வளவு நேரம் ஆழமாகத் தூங்கியது என்று கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். கடையிலேயே டீச்சரின் கணினியை அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்து அதைப் பார்த்தேன். பூஜ்யம். மெமரி கார்டு செருகும் ரீடர் அடங்கவே இல்லை. டீச்சர் அதை ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. அமைப்பில் போய் அதை முடக்கினேன். மறுபடி மூடித் திறந்தால், பூஜ்யம் இருந்த இடத்தில் எண்கள்.

அதோடு நிற்கவில்லை; மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றினேன். ரேம் அளவுக்கு வட்டில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கினால் பல லினக்ஸ் வகைகள் ஹைபர்னேட்டை மறுத்துவிடும், அதையும் டீச்சரைக் கேட்டுக்கொண்டு அணைத்தேன். எங்கள் மலைக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1960-களிலிருந்து நிற்கிறது. எங்கள் தண்ணீரில்தான் கீழே மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் மழையில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் எங்களுக்குக் கரண்ட் இல்லை. அப்போது பேட்டரி தீர்ந்தாலும் எழுதியது பத்திரம்; விழிக்க அரை நிமிஷம் கூடுதலாக ஆனால் ஆகட்டுமே.

தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் சாலையில் வளைந்து வளைந்து மேலே வருகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மடிக்கணினியைப் பைக்குள் திணிக்கும் முன், மூடி ஐந்து நிமிஷம் மேசையில் வைத்து, அடியில் கை வைத்துப் பாருங்கள். இன்னும் சூடாக இருந்தால் அது தூங்கவில்லை. திறந்து, முழுசாக அணைத்துவிட்டு எடுத்து வாருங்கள்.