லண்டனில் வேலை, கிராமத்தில் வீடு: ரயில் நின்றால் ஊரே தவிக்கும் ஹாசாக்ஸ்

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை நகரமான பிரைட்டனில் இருந்து வடக்கே சுமார் 11 கி.மீ. தொலைவில் உள்ள கிராமம் ஹாசாக்ஸ். ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் பிரைட்டன் கடற்கரைப் பக்கம் போய்விடலாம். எதிர்த் திசையில் சுமார் ஒரு மணி நேரத்தில் லண்டன். இதனால்தான் லண்டனில் சம்பளம் வாங்கும் பலர் இங்கே வீடு பார்க்கிறார்கள். பச்சைப் புல்வெளி, தேவாலயம், பப், கிரிக்கெட் மைதானம் என்று பார்க்க அழகான ஊர். ஆனால் இங்கே குடியேற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரயில் அட்டவணையைத்தான்.

ரயில் உருவாக்கிய ஊர்

1841-ல் லண்டன் - பிரைட்டன் ரயில் பாதை வந்தபோது ஹாசாக்ஸ் என்று சொல்லிக்கொள்ளப் பெரிய ஊரே இல்லை. கிளேட்டன், கீமர் என்ற பழைய கிராமங்களுக்கு நடுவில் ஒரு நிலையம் கட்டினார்கள். அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும் முளைத்தன. 1933-ல் பாதை மின்மயமானதும் லண்டனுக்குத் தினமும் போய்வருவது இன்னும் எளிதானது.

நிலையத்துக்குத் தெற்கே 2 கி.மீ.க்கும் சற்றே நீளமான கிளேட்டன் சுரங்கப்பாதை இருக்கிறது. அதன் வடக்கு வாயில் கோட்டை வாசல் போலவே இருக்கும். கோபுரங்களுக்கு நடுவே ஒரு வீடு, அதில் ஆட்களும் குடியிருக்கிறார்கள்! ரயில் சத்தத்தில் எப்படித் தூங்குகிறார்களோ.

அழகான இந்த இடத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1861 ஆகஸ்ட் 25-ம் தேதி பிரைட்டனில் இருந்து அடுத்தடுத்து சில நிமிட இடைவெளியில் மூன்று ரயில்கள் கிளம்பின. இரண்டாவது ரயில் சுரங்கத்துக்குள் நின்றது தெரியாமல் மூன்றாவது ரயிலை சிக்னல்காரர் உள்ளே விட்டார். 23 பேர் இறந்தார்கள், 176 பேர் காயமடைந்தார்கள். அந்த சிக்னல்காரர் அன்று தொடர்ந்து 24 மணி நேர வேலையில் இருந்தவர். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்போது இன்னொன்றை அனுமதிக்கவே கூடாது என்ற முறை பிரிட்டனில் வலுப்பெற இந்த விபத்தும் ஒரு காரணம்.

ஒரு ரயில் பழுதானால் ஏன் எல்லாமே நிற்கிறது?

ஹாசாக்ஸ்வாசிகளின் தினசரிக் கவலை இதுதான். லண்டன் பக்கம் நான்கு வழித்தடங்களாக ஓடும் பாதை, பால்கம் சுரங்கத்தை நெருங்கும்போது இரண்டாகச் சுருங்குகிறது. அங்கிருந்து தெற்கே பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. வேகமாகப் போகும் ரயில், ஊர் ஊராக நின்று போகும் ரயில் எல்லாம் இதே தடத்தில்தான். நடுவில் ஒரு ரயில் நின்றுவிட்டால் பின்னால் வருவது ஒதுங்கிப் போக வழியே கிடையாது.

ஏன் கூடுதல் தடம் போடவில்லை? வழியில் சுரங்கங்கள் இருக்கின்றன. 37 வளைவுகளும் சுமார் 450 மீட்டர் நீளமும் கொண்ட ஊஸ் பள்ளத்தாக்குப் பாலமும் இருக்கிறது. 1841-ல் கட்டியது. அகலப்படுத்துவது சாதாரண வேலை இல்லை.

இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் விழும் இலைகள் சக்கரத்தில் நசுங்கி வழுக்கும் படலமாகிவிடும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், ரயில்கள் மெதுவாகப் போவதற்கு அது உண்மையான காரணம். குளிர்காலத்தில் வேறு தொல்லை. இங்கே மின்சாரம் மேலே கம்பியில் வராது, தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட்டில் ஓடும். அதில் பனி உறைந்தால் மின்சாரம் சரியாகக் கிடைக்காது. பராமரிப்புக்காக 2019 பிப்ரவரியில் இந்தப் பாதையின் தெற்குப் பகுதியை ஒன்பது நாட்கள் மூடியே வைத்தார்கள். பயணிகளுக்குக் கிடைத்தது பேருந்து.

பணம் எவ்வளவு கரையும்?

லண்டனுக்கு வருடாந்திர சீசன் டிக்கெட் எடுத்தால் ஆயிரக்கணக்கான பவுண்ட் போய்விடும். கொரோனாவுக்குப் பிறகு பலரும் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் அலுவலகம் போவதால், 2021-ல் ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட் வந்தது: 28 நாட்களுக்குள் எட்டு நாள் பயணம். வாரம் இரண்டு நாள் போகிறவருக்குச் சரிப்படும். அதற்கு மேல் போகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் அரசு கட்டுப்பாட்டில் உள்ள ரயில் கட்டணங்கள் 2027 மார்ச் வரை உயராது என்று அரசு அறிவித்திருக்கிறது. இப்படி நடப்பது 30 ஆண்டுகளில் இதுவே முதல்முறை.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பாதையில் ரயில் 15 நிமிடம் தாமதமானாலே இழப்பீடு கேட்கலாம். 15 முதல் 29 நிமிடம் வரை என்றால் ஒருவழிக் கட்டணத்தில் 25 சதவீதம், 30 முதல் 59 வரை பாதி. 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வரும் என்று காத்திருந்தால் ஒன்றும் வராது.

வீடு ஏன் கிடைப்பதில்லை?

ஊருக்குத் தெற்கே 2010-ல் அறிவிக்கப்பட்ட சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்கா. ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகள் அந்தக் குன்றின் மேல்தான் நிற்கின்றன. பூங்காவுக்குள் வீடு கட்டக் கடுமையான கட்டுப்பாடு. கேட்பவர்கள் அதிகம், நிலம் குறைவு. நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் என்றால் விலை இன்னும் ஏறும். இதில் அடிபடுவது உள்ளூரிலேயே வேலை பார்க்கும் இளைஞர்கள். லண்டன் சம்பளத்தோடு அவர்களால் போட்டி போட முடியாது. பிறந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் வேறு ஊர் தேடுகிறார்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் சிரமம்தான். 2025 ஜனவரி முதல் பேருந்துக் கட்டண உச்சவரம்பு ஒரு பயணத்துக்கு 3 பவுண்ட். ஆனால் கட்டணம் குறைவாக இருந்து என்ன, இரவில் பேருந்து வர வேண்டுமே? டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் சாலைகளில் பல இடங்களில் தெருவிளக்கும் இல்லை, நடைபாதையும் இல்லை. அதனால் வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நவம்பர் மாத மழை நாளில் மாலை ஆறரை மணி ரயிலில் லண்டனில் இருந்து ஒருமுறை வந்து இறங்கிப் பார்ப்பது நல்லது.