ஏழு செகண்ட் டிரம்ஸ்: தி வின்ஸ்டன்ஸ் கதை

போன வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு எங்க டிபார்ட்மென்ட் டான்ஸ் மிக்ஸ் நான்தான் பண்ணேன். நடுவுல வேகமா ஒரு டிரம்ஸ் பீட் தேவைப்பட்டது. நெட்ல இருந்து இறக்கி வச்சிருந்த சாம்பிள் பேக்ல ஒண்ணை எடுத்துப் போட்டேன். ஃபைல் பேரு வெறும் 'ஆமென்'. யார் வாசிச்சதுன்னு அப்போ யோசிக்கவே இல்ல.

அந்த பீட்டை நீங்களும் கேட்டிருப்பீங்க. சின்ன வயசுல பவர்பஃப் கேர்ள்ஸ் பார்த்திருந்தா, அந்த டைட்டில் மியூசிக்ல ஓடுற டிரம்ஸ் இதுதான்.

யார் இவங்க?

தி வின்ஸ்டன்ஸ், அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த ஒரு சோல்-ஃபங்க் பேண்ட். சர்ச் பாட்டோட உருக்கத்தை சோல்ல கேட்கலாம். ஃபங்க்ல டிரம்ஸும் பேஸும்தான் ராஜா. பேண்டின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் பாடுவார், சாக்ஸஃபோன் வாசிப்பார். டிரம்ஸ், கிரிகரி கோல்மன்.

1969ல் 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாட்டை வெளியிட்டாங்க. தன்னைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிற வளர்ப்பு அப்பாவைப் பத்தின பாட்டு. பில்போர்டு பட்டியலில் 7ஆம் இடம் வரைக்கும் போச்சு, கிராமி விருதும் வாங்குச்சு. ஆனா கறுப்பர்களும் வெள்ளையரும் சேர்ந்து வாசிச்ச பேண்ட் அது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவங்களுக்கு ஷோ கிடைக்கிறதே கஷ்டமா இருந்தது. 1970ல் பேண்ட் கலைஞ்சு போச்சு.

அந்த ஏழு செகண்ட்

அதே இசைத்தட்டோட மறுபக்கத்தை நிரப்பணுமேன்னு போட்டதுதான் 'ஆமென், பிரதர்'. பாடல் வரி கிடையாது, வெறும் வாத்தியம். 1 நிமிஷம் 26 செகண்ட் தாண்டினதும் மத்த எல்லா வாத்தியமும் நின்னுடும். கோல்மன் மட்டும் நாலு பார் வாசிப்பார். முதல் ரெண்டு பார் ஒரே பேட்டர்ன். மூணாவதுல ஒரு ஸ்னேர் அடி கொஞ்சம் தள்ளி விழும். நாலாவதுல சின்னதா ஒரு வெற்றிடம், அப்புறம் எதிர்பார்க்காத இடத்துல ஒரு சிம்பல்.

சாம்பிள் பண்றவங்களுக்கு இது புதையல். வேற வாத்தியம் எதுவும் கலக்காததால, ஒவ்வொரு அடியையும் தனியா வெட்டி எடுத்து, வேற வரிசையில அடுக்கலாம். சாம்ப்ளர் மெஷின்கள் பரவின 1980கள்ல, 1986ல், இந்தப் பாட்டு டி.ஜே.க்களுக்கான ஒரு தொகுப்பு ரெக்கார்டுல வந்தது. 1988ல் என்.டபிள்யூ.ஏ. இதை மெதுவாக்கி 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' பாட்டுல வச்சாங்க. 1990களில் இங்கிலாந்துல இதையே வேகமாக்கி, துண்டு துண்டா வெட்டி ஒட்டினாங்க. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்ங்கிற இசை வகைகளுக்கே இந்த பீட்தான் முதுகெலும்பு. இன்னிக்கு இதை சாம்பிள் பண்ணின பாட்டுகள் ஐயாயிரத்துக்கும் மேல.

காசு யாருக்கு?

ஸ்பென்சருக்கு இதெல்லாம் 1996 வரைக்கும் தெரியவே தெரியாது. ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் மாஸ்டர் டேப் கேட்டு போன் பண்ணப்போதான் விஷயம் புரிஞ்சது. ஆனா கேஸ் போடுறதுக்கான கால அவகாசம் தாண்டிடுச்சு. ராயல்டி வரல.

கோல்மன் நிலைமை இன்னும் மோசம். பாட்டோட உரிமைன்னு வரும்போது மெட்டையும் வரியையும்தான் பார்ப்பாங்க. ஒரு டிரம்மர் எப்படி வாசிச்சார்ங்கிறது பொதுவா அந்தக் கணக்குல வராது. உலகத்துலயே அதிகமா சாம்பிள் ஆன பீட்டை வாசிச்ச மனுஷன், 2006ல் அட்லாண்டாவில் வீடில்லாம செத்துப் போனார்.

2015ல் இங்கிலாந்து டி.ஜே.க்கள் ஆன்லைன்ல வசூல் பண்ணி, ஸ்பென்சருக்கு 24,000 பவுண்ட் கொடுத்தாங்க. சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தல. அந்த பீட்டால வளர்ந்தவங்க தாங்களா கொடுத்தது. 2020ல் ஸ்பென்சரும் காலமானார்.

சாம்பிளிங் தப்புன்னு நான் சொல்லல. அது இல்லன்னா இவ்வளவு புது இசை பிறந்திருக்காது. ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல யாரோட கோடை எடுத்தாலும் பேரு போடணும்னு நமக்குச் சொல்லித் தந்திருக்காங்க இல்லையா? மியூசிக்னு வந்தா மட்டும் ஏன் மறந்துடுறோம்?

இந்த வருஷ மிக்ஸோட வீடியோவுல, கீழ டிஸ்கிரிப்ஷன்ல, ஒரு வரி சேர்த்திருக்கேன்: 'டிரம்ஸ்: கிரிகரி கோல்மன், தி வின்ஸ்டன்ஸ், 1969'. டைப் பண்ண பத்து செகண்ட்கூட ஆகல. அடுத்த மிக்ஸ் நீங்க பண்றீங்கன்னா, அந்த ஃபைல் யாரோடதுன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.