திறந்த நாடி மீண்டும் ஒடுங்குவது ஏன்?

இருதயத்திற்குக் குருதியை வழங்கும் முடியுரு நாடி ஒடுங்கும்போது, நுண்ணிய பலூனொன்றைச் செலுத்தி அதனை விரிக்கும் அஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை 1977 இல் சூரிச் நகரில் முதன்முதலாக மேற்கொண்டவர் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் ஆவார். நெஞ்சைத் திறவாமலே செய்யப்படும் இச்சிகிச்சை இன்று நம் நாட்டிலும் கிடைக்கின்றது. ஆயினும், சிகிச்சையுடன் நோய் தீர்ந்ததென எண்ணி மருந்து வில்லைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் நம்மிடையே உளர். இது உயிராபத்தை விளைவிக்கக்கூடியது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

பலூன் விரியும்போது நாடியின் உட்சுவர் காயமடைகின்றது. உடனேயே குருதிச் சிறுதட்டுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. குருதியுறை காரணிகள் ஒன்றையொன்று தூண்டித் திரொம்பினை உருவாக்க, அது பைபிரினோஜனைப் பைபிரின் இழைகளாக மாற்றுகின்றது. இவ்வாறே குருதிக்கட்டி தோன்றுகின்றது. மற்றொரு விளைவு மெதுவாக நிகழ்வது. சுவரிலுள்ள தசைக்கலங்கள் பெருகி, சில மாதங்களில் நாடியை மீண்டும் ஒடுங்கச் செய்கின்றன.

சிறுதட்டுக்களும் திரொம்பினும் தசைக்கலங்களைத் தூண்டுவதால், குருதியுறைதலைத் தடுத்தால் மீளொடுக்கமும் நின்றுவிடுமென ஆய்வாளர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் அஸ்பிரின், ஹெப்பாரின் ஆகியன குருதிக்கட்டிகளைக் குறைத்தனவேயன்றி மீளொடுக்கத்தைத் தடுக்கவில்லை. பலூன் சிகிச்சை மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஆறு மாதங்களுக்குள் நாடி மீண்டும் ஒடுங்கியது. 1986 இல் முதன்முதலாக மனிதரில் பொருத்தப்பட்ட ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் இதனைக் குறைத்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாவனைக்கு வந்த, கலப்பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் மேலும் குறைத்தன.

எனினும், தசைக்கலங்களைத் தடுக்கும் அதே மருந்து, உலோகத்தைப் போர்த்தவேண்டிய உட்படலத்தின் வளர்ச்சியையும் தாமதப்படுத்துகின்றது. போர்த்தப்படாத உலோகத்தில் குருதி உறையுமாயின், நாடி திடீரென அடைபட்டு மாரடைப்பு ஏற்படலாம். இதனைத் தடுக்கவே அஸ்பிரினுடன் குளோபிடோகிரல் போன்ற இன்னொரு மருந்தும் வழமையாக 6 முதல் 12 மாதங்கள் வரை வழங்கப்படுகின்றது. நோயாளரின் நிலைக்கேற்ப இக்காலம் கூடவோ குறையவோ செய்யலாம். அதனைத் தீர்மானிக்கவேண்டியவர் வைத்தியரே.

எனவே, நெஞ்சுநோ இல்லை என்பதற்காகவோ, பல் பிடுங்குவதற்காகவோ, நோன்பு, விரதம் ஆகியவற்றுக்காகவோ இவ்வில்லைகளை எவரும் தாமாக நிறுத்தலாகாது. நோன்பு நோற்க விரும்புவோர், அது தமக்கு உகந்ததா, வில்லைகளை எவ்வேளைகளில் உட்கொள்ளலாம் என்பனவற்றை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். புகைத்தலைக் கைவிடுவதும் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் சிகிச்சையின் பகுதிகளே. நாடியைத் திறப்பது வைத்தியரின் பணி. அது திறந்தவாறே இருப்பதற்கு நோயாளரும் குடும்பத்தாரும் துணைநிற்க வேண்டும்.